நான் சிவப்பு மையில் எழுதிய அலர்ஜி

"மீன், இறால் சாப்பிட்டா உடம்புக்கு ஒத்துக்குமா?"

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். சாய ஊசி போட்டுப் படம் எடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாரத்தில் டிக் போட வேண்டும். நெற்றி நிறையத் திருமண் இட்ட ஒரு பெரியவர் இதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "ஏம்ப்பா, என்னையப் பாத்தா இறா திங்கிறவன் மாதிரியா தெரியுது?" என்றார். அவருக்கு அடுத்து வந்தவர், "ஒத்துக்குறதாவது. நீங்க வாங்கிக் குடுங்க, எம்புட்டு உள்ள போகுதுன்னு பாருங்க" என்று சிரித்தார். இருவருக்கும் ஒரே டிக்தான் போட்டேன்.

போன மாதம் ஸ்கேன் பிரிவில் இருக்கிற சிஸ்டர் செல்வி போன் செய்தார். புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டர் பாரத்தில் அந்தக் கேள்வியே இல்லையாம்.

"எடுத்துட்டாங்கண்ணே. 'அயோடின் அலர்ஜி'ன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதையும் எடுத்துட்டாங்க. எந்த மருந்து, என்ன ஆச்சு, எத்தனாவது நிமிஷம்னு தனித்தனியா கேக்குது. புதுசா வந்த பிள்ளைகளுக்கு ஏன்னு புரியல. ஆஸ்பத்திரி மலருக்கு நீங்க எழுதிக் குடுங்க. உங்களுக்குத்தான் அது தெரியும்."

செல்விக்குத் தெரிந்தது பாதி. மீதியையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். அதில் என் தப்பு ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் எழுதாமலே இருந்துவிடலாம்.

நான் கோச்சடைக்காரன். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. மாமா ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். வார்டில் மூன்று வருஷம் பெட்பேன் எடுத்தேன், ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். பிறகு ஆபரேஷன் தியேட்டருக்குள் விட்டார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் கேஸ் ஷீட்டின் மேலட்டை எழுதுகிற வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது.

தியேட்டரில் என் முக்கிய வேலை, மயக்கம் கொடுத்த பிறகு நோயாளியின் உடம்பில் அயோடின் மருந்து தடவுவது. பெயிண்ட் அடிப்பது என்போம். பழுப்பு நிறத்தில் இருக்கும் மருந்து. கத்தி படப்போகிற இடத்தில் தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே வர வேண்டும். வெளியே போன பஞ்சு திரும்ப நடுவுக்கு வரக்கூடாது. இப்படி மூன்று தடவை. அதற்கு முன்னால் இரண்டு விலாப்பக்கமும் மடித்த துணி செருகி வைக்க வேண்டும். வழிகிற மருந்தை அது குடித்துக்கொள்ளும். தடவி முடித்ததும் அந்தத் துணியை உருவிவிட்டு, மருந்து தானாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். தியேட்டர் சிஸ்டர் இதை ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

எல்லாம் சரியாகவே செய்தேன். மருந்து ஊற்றுவதில் மட்டும் என் கை நிற்காது. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு அபிஷேகம் பார்க்கிறவன் நான். பாலோ பன்னீரோ, சொட்டுச் சொட்டாக விட்டால் மனம் நிறையுமா? குடத்தைச் சாய்த்து ஊற்ற வேண்டும். முன்பின் தெரியாத ஓர் உயிர் நம்மை நம்பி மயங்கிக் கிடக்கிறது, அதற்குக் குறை வைக்கக் கூடாது என்று மீனாட்சியை நினைத்துக்கொண்டு கிண்ணத்தைச் சாய்ப்பேன். "முத்தையா, நோயாளிக்கு அபிஷேகமா பண்றே?" என்று சிஸ்டர் கேட்பார். மயக்க மருந்து டாக்டர், "விடுங்க சிஸ்டர், முத்தையா ஊத்துனா ஒரு கிருமி தப்பிக்காது" என்பார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொள்ள பத்மாவதி என்று ஓர் அம்மா வந்தார். வில்லாபுரத்தில் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். கணவர் ராஜாராம், சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுகிறவர். அவருடைய நகக்கண்ணெல்லாம் நீலமும் சிவப்புமாக இருக்கும். தியேட்டர் வாசல்வரை ஸ்ட்ரெச்சரோடு வந்து, அவர்கள் பாஷையில் மனைவியிடம் ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "பயந்துக்கிறா. கொஞ்சம் பேச்சுக் குடுத்துக்கிட்டே கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றார்.

பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் போனேன். மயக்கம் ஏறியதும் வழக்கம்போல மனம் நிறைய ஊற்றினேன். தடவி முடிக்கிற நேரம் பக்கத்துத் தியேட்டரில் ஒரு கை உதவிக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்தபோது பச்சைத் துணி போர்த்தி ஆபரேஷன் தொடங்கியிருந்தது. விலாவில் செருகிய துணியை உருவவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆபரேஷன் தொடங்கிய பிறகு போர்வைக்கு அடியில் கை விடக்கூடாது. இரண்டு மணி நேரம்தானே, மருந்துதானே, என்ன செய்துவிடும் என்று நின்றுவிட்டேன்.

முடிந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது பார்த்தேன். வலது முதுகுக்கு அடியில் துணியும் விரிப்பும் பழுப்பாகச் சொதசொதவென்று கிடந்தன. சுருட்டிச் சலவைக் கூடையில் போட்டேன்.

மறுநாள் காலை அந்த அம்மா ஒருக்களித்துப் படுத்து அழுதுகொண்டிருந்தார். வலது முதுகில் கையகலத்துக்கு நீளவாக்கில் சிவந்து கொப்புளித்திருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த டியூட்டி டாக்டர் பார்த்தார். "என்ன மருந்து தடவுனீங்க? அயோடினா? அப்ப அயோடின் அலர்ஜி. எழுதிடுங்க" என்றார். மேலட்டையில் சிவப்பு மையில் எழுதினேன். இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டுவதற்கு ஒரு சின்னச் சீட்டும் எழுதிக் கொடுத்தேன். 'அயோடின் அலர்ஜி. எச்சரிக்கை.' அடியில் இரண்டு கோடு.

அலர்ஜி என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. ஈரத்துணி தெரியும். ஆனால் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு கைப்பிள்ளைகள், வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். அன்று சாயங்காலம் அம்மன் சன்னதியில் அந்த அம்மா பேருக்கு நெய்விளக்குப் போட்டேன். விளக்குப் போடத் தெரிந்தவனுக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை. புண் ஆறி வீட்டுக்குக் கிளம்பிய அன்று ராஜாராம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளைண்ணே, கண்டுபிடிச்சு எழுதிக் குடுத்தீங்க" என்று நன்றி சொன்னார்.

அடுத்த வருஷம் என்னை எக்ஸ்ரே பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே தலைமை டாக்டர், ஞானம் அம்மா. குரல் உயரவே உயராது. ஆனால் கதை சொன்னால் பிடிக்காது. "அவருக்கு ரொம்ப முடியாமப் போச்சு டாக்டர்" என்று ஓடிப்போய்ச் சொன்னால், "ரொம்பன்னா என்ன? எத்தனாவது நிமிஷம்?" என்பார். ஊசி போடுகிறவர் கண்ணுக்கு நேராகப் பெரிய கடிகாரம் ஒன்றைப் பக்கத்தில் நின்று மாட்ட வைத்தவர் அவர். ஊசி உள்ளே போகிற நிமிஷத்தை நான் சிலேட்டில் எழுத வேண்டும். அதன் பிறகு நோயாளி இருமினாலும் தும்மினாலும் நிமிஷத்தோடு எழுத வேண்டும்.

சாய ஊசி என்று சொல்கிறோமே தவிர அதற்கு நிறமே கிடையாது. தண்ணீர் மாதிரி தெளிவாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். ரத்தக்குழாயில் ஏற்றினால் சில நிமிஷத்தில் சிறுநீரகத்துக்கு வந்து படத்தில் வெள்ளையாகத் தெரியும். அந்த மருந்துக்குள் அயோடின் இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது. உள்ளே போனதும் உடம்பெல்லாம் ஒரு சூடு ஓடும். அதற்குப் பயப்படக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் உசிலம்பட்டிப் பக்கமிருந்து விவசாயி ஒருவர் சிறுநீரகக் கல்லுக்குப் படம் எடுக்க வந்தார். மீன் கேள்விக்கு, "கம்மாயில மீன் புடிச்சா எங்க வீட்ல மூணு நாளைக்கு வேற கொழம்பே கெடையாதுங்க" என்றார். டிக் போட்டேன். அந்தக் காலத்தில் முதலில் ஒரு சொட்டு ஏற்றிவிட்டுக் காத்திருந்து பார்க்கும் பழக்கம் உண்டு. அதிலும் அவருக்கு ஒன்றும் இல்லை. முழு ஊசியும் போனது. மூன்றாவது நிமிஷம் கழுத்தைச் சொறிந்தார். நான்காவது நிமிஷம் நெஞ்செல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. "மூச்சடைக்குதுங்க" என்றார். டாக்டர் அம்மா ஓடவில்லை, கத்தவில்லை. அட்ரினலின் ஊசியைத் தொடையில் போட்டார், ஆக்சிஜன் வைக்கச் சொன்னார், "முத்தையா, மணி" என்றார். நிமிஷம் நிமிஷமாக எழுதினேன். பதினைந்தாவது நிமிஷம் தடிப்பு அடங்கி, மூச்சு சீராகி, அந்த மனிதர் என்னைப் பார்த்து, "மீனு மேல பழியப் போட்டுறாதீங்கய்யா" என்றார். டாக்டர் அம்மாவே சிரித்துவிட்டார்.

அவர் அட்டையில் பழக்கதோஷத்தில் சிவப்பு மையால் 'அயோடின் அ' என்று தொடங்கினேன். டாக்டர் அம்மா என் கையிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"அயோடின் இல்லாம யாரும் உயிர் வாழ முடியாது முத்தையா. கழுத்துல இருக்கிற தைராய்டுக்கு அதுதான் தீனி. உப்புலயே கலந்து குடுக்கறாங்க. அதுக்கு அலர்ஜி வராது. இவருக்கு ஒத்துக்காதது இந்த ஊசி மருந்து. அந்த மருந்தோட பேரை எழுதுங்க. என்ன ஆச்சு, எத்தனாவது நிமிஷம், எதுக்கு அடங்குச்சு, அதை எழுதுங்க. படிக்கிற டாக்டர் வேற மருந்து பாப்பார், தயாரா இருப்பார். வெறும் அயோடின்னு எழுதி வச்சா கதவைச் சாத்திடுவார்."

"அப்ப மீன் கேள்வி எதுக்கு டாக்டர்?"

"மீன், இறால் ஒத்துக்காதவங்களுக்கு அதுல இருக்கிற புரதம் ஒத்துக்காது. அயோடினுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பாரத்துல அச்சடிச்சு வச்சிருக்காங்க, கேக்கறோம். ஆஸ்துமா இருக்கா, முன்னாடி இந்த ஊசி போட்டு ஏதாவது ஆச்சான்னு கேளுங்க. அது பிரயோஜனம்."

நான் கேட்டேன். "மேல தடவுற அயோடின் மருந்துல புண்ணாச்சுன்னா?"

"அது வேற மருந்து. அதுக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு கிடையாது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் டாக்டர்."

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வில்லாபுரத்து அம்மா சௌக்கியமாகத்தான் இருப்பார், அவருக்கு இனி எதற்கு இந்த ஊசியெல்லாம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அந்தச் சமாதானம் சில வருஷம் ஓடியது.

இரண்டாயிரம் பிறந்து, எங்களுக்கு சி.டி. ஸ்கேன் வந்துவிட்ட சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பத்மாவதி அம்மா வந்தார். மெலிந்திருந்தார். கூட ராஜாராம். நகக்கண்ணில் நிறம் அப்படியே இருந்தது. எனக்கு நரை விழுந்து மீசையும் எடுத்துவிட்டதால் அவர்களுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சிறுநீரில் ரத்தம் போகிறது, அல்ட்ராசவுண்டில் இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரிகிறது என்றார்கள். அது எப்படிப்பட்ட கட்டி, எதுவரை பரவியிருக்கிறது, மற்ற சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று தெரிய சாய ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தாக வேண்டும். இரண்டு இடங்களில் மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை மாதம் போய்விட்டது.

"ஏம்மா எடுக்க மாட்டேன்னாங்க?" என்று கேட்டேன்.

பெருமாள் படம் வைத்த சின்னப் பர்ஸைத் திறந்து, ஒரு சீட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். லேமினேட் செய்திருந்தார்கள். சிவப்பு மை கொஞ்சம் வெளிறியிருந்தது. அடியில் இரண்டு கோடு.

"எட்டு வருஷமா இதுதாண்ணே என்னையக் காப்பாத்துது" என்றார். "பாக்கெட் உப்பு வாங்குறதில்ல, கல்லுப்புதான். கல்யாணங்காச்சிக்குப் போனாலும் கை நனைக்கிறதில்ல. பெருமாள் கோயில் பிரசாதத்தக்கூட வாங்கி இவருக்குக் குடுத்துருவேன். அதுல என்ன உப்புப் போட்டாங்களோன்னு பயம்."

"புளியோதரைன்னா இவளுக்கு உசுரு" என்றார் ராஜாராம். "இவ முன்னாடி எப்படித் திங்கிறது? தூணுக்கு அந்தப் பக்கம் போயி தின்னுட்டு வருவேன்."

"டாக்டரப் பாத்துட்டு வாரேன்" என்று சீட்டை வாங்கிக்கொண்டு போனேன். டாக்டரிடம் போகவில்லை. படம் கழுவுகிற இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வேலையைப் பற்றிய பயம் இப்போது பெரிதாகத் தெரியவில்லை. வேறொரு பயம் வந்துவிட்டது. பத்தாம் வகுப்புத் தாண்டாதவன் நான். ஈரத்துணிதான் காரணம் என்று நான் நினைப்பது தப்பாக இருந்தால்? நான் சொன்னதை நம்பி ஊசி போட்டு, மூன்றாவது நிமிஷம் இந்த அம்மா கழுத்தைச் சொறிந்தால்? சொல்லாமல் அனுப்பினால் கட்டி வளரும். "தாயே" என்றேன். அதற்கு மேல் வேண்டிக்கொள்ள ஒன்றும் வரவில்லை. போய்ச் சொல் என்பது மட்டும் தெளிவாகப் பட்டது.

டாக்டர் அம்மா படம் பார்க்கிற விளக்குப்பெட்டி முன்னால் இருந்தார். சீட்டை மேசையில் வைத்தேன். "இது என் கையெழுத்து டாக்டர். இது உண்மையில்ல" என்றேன். பிறகு ஈரத்துணியைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உக்காருங்க" என்றார். அதுவரை என்னை அவர் உட்காரச் சொன்னதில்லை. "கதை வேண்டாம். கேக்கறதுக்கு மட்டும் பதில். மருந்து எங்கெங்க தடவுனீங்க?"

"வயிறு முழுக்க டாக்டர். நெஞ்சுக்குக் கீழ இருந்து தொடை வரைக்கும்."

"வயித்துல புண்ணு வந்துச்சா?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "இல்ல டாக்டர். வயிறு சுத்தமா இருந்துச்சு."

"எங்க வந்துச்சு? வரைஞ்சு காட்டுங்க." ஒரு காகிதத்தை நகர்த்தினார்.

முதுகை வரைந்தேன். துணி கிடந்த இடத்தைப் பென்சிலால் கோடு போட்டேன். புண் வந்த இடத்தை வரையப் பென்சிலைக் கொண்டுபோனபோது அந்தக் கோட்டின் மேலேயே வரைய வேண்டியிருந்தது.

"எத்தனை நேரம் ஈரத்துல கெடந்தாங்க?"

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல."

"உடம்பு தடிச்சுச்சா? மூச்சு வாங்குச்சா?"

"எதுவும் இல்ல டாக்டர்."

பழைய கேஸ் ஷீட்டைத் தேடி எடுக்கச் சொன்னார். ரெக்கார்டு அறையில் தூசி தட்டி எடுத்து வந்தேன். நர்ஸ் தினமும் எழுதிய குறிப்பில் 'வலது முதுகு' என்று மட்டும்தான் இருந்தது. கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு மூடினார்.

"இது அலர்ஜி இல்ல முத்தையா. வெந்த புண்ணு. அந்த மருந்து காயாம, தோலுக்கும் ஈரத்துணிக்கும் நடுவுல அமுங்கிக் கெடந்தா யார் முதுகும் வேகும். உங்க முதுகும் வேகும், என் முதுகும் வேகும். நான் அவங்களுக்கு வைத்தியத்தைச் சொல்றேன். துணியை நீங்க சொல்லணும்."

அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். "அன்னிக்கு ஆபரேஷன்ல மருந்து தடவுனது நாந்தாம்மா. அடியில இருந்த ஈரத்துணிய எடுக்காம விட்டுட்டேன். அதுல வெந்த புண்ணு அது. தெரிஞ்சே அலர்ஜின்னு எழுதிட்டேன்."

பத்மாவதி அம்மா என் முகத்தையே பார்த்தார். ராஜாராம் எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்தேன். "ஒன்றரை மாசமா இவளக் கூட்டிக்கிட்டு அலையிறேன்யா" என்றார். குரல் உடைந்துவிட்டது. "உங்க கையப் புடிச்சு நன்றி வேற சொல்லிட்டுப் போனேன்."

டாக்டர் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். மருந்து அதிகமாகப் பட்ட வயிறு சுத்தமாக இருந்ததையும், ஈரம் தேங்கிய இடம் மட்டும் புண்ணானதையும் நான் வரைந்த காகிதத்தை வைத்தே காட்டினார். ராஜாராம் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடக்கி மணிக்கட்டில் இருந்த ஒரு தழும்பைக் காட்டினார்.

"காஸ்டிக் சோடா. சாயத்தொட்டியில கலக்குறது. பட்ட ஒடனே கழுவிட்டா பெருசா ஒண்ணும் பண்ணாது. ஒரு நாள் நனைஞ்ச சட்டையோட வேலை பாத்தேன். சட்டைக் கை ஒட்டிக் கெடந்த எடம் மட்டும் வெந்துபோச்சு." காகிதத்தை விரலால் தட்டினார். "இதே மாதிரிதான் பட்டையா இருந்துச்சு. எனக்கு யாரும் அலர்ஜின்னு சீட்டுக் குடுக்கல. ஏண்டா கழுவலன்னு எங்கப்பா திட்டுனதோட சரி."

அதையே அவர்கள் பாஷையில் மனைவிக்குச் சொன்னார். அந்த அம்மா கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அப்ப என் உடம்புல ஒரு குத்தமும் இல்லையாண்ணே?"

"இல்லம்மா. குத்தம் என்னோடது."

 அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எட்டு வருஷத்துல எம்புட்டுப் புளியோதரை போச்சு" என்றார். ராஜாராம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஸ்கேன். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தப் பரிசோதனை முதலில் பார்த்தார்கள். ஆஸ்துமா உண்டா, வேறு மருந்துக்குத் தடிப்பு வந்ததுண்டா என்று டாக்டர் அம்மா தானே கேட்டார். ஒன்றும் இல்லை. "அலர்ஜி இல்லேன்னு தெரிஞ்சாலும் ட்ரே தயாரா இருக்கணும். அது எல்லாருக்கும் உள்ள மரியாதை" என்றார். அட்ரினலின், ஆக்சிஜன், எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் பழைய பழக்கத்தை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். அது எதையும் காட்டிக்கொடுப்பதில்லை என்பதை உசிலம்பட்டிக்காரரே எங்களுக்குக் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

ஊசி போன நிமிஷத்தை எழுதினேன். "சூடு ஓடுதுண்ணே" என்றார். "அது வரும்மா, போயிரும்" என்றேன். படம் எடுத்து முடித்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தோம். மூன்றாவது நிமிஷம் தாண்டியது. நான்காவதும் தாண்டியது. ஐந்தாவது நிமிஷம் அவர் கையைத் தூக்கிக் கழுத்துக்குக் கொண்டுபோனார். நானும் டாக்டர் அம்மாவும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம்.

"என்னம்மா பண்ணுது?"

"தாலிக்கயிறு முறுக்கிக்கிட்டு கெடக்கு" என்று சரி செய்துகொண்டார்.

அரை மணி நேரம் கழித்து சிலேட்டை டாக்டர் அம்மாவிடம் கொடுத்தேன். ஊசி போன நேரத்தைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

கட்டி சிறுநீரகத்தைத் தாண்டி வெளியே போகவில்லை. வலது சிறுநீரகம் முழு ஆரோக்கியம். இடதை எடுத்துவிட்டால் போதும் என்றார் சர்ஜன். சூப்பரின்டெண்ட் என்னிடம் நடந்ததை எழுதி வாங்கிக்கொண்டு கடுமையாகப் பேசினார். ஆனால் வேலையை எடுக்கவில்லை. ஆபரேஷனுக்கு அதே அயோடின் மருந்துதான். சந்தேகம் யாருக்கும் மிச்சம் இருக்கக் கூடாது என்று முழங்கைக்கு உட்புறம் கொஞ்சம் தடவிக் காயவிட்டு இரண்டு நாள் பார்த்தார்கள். ஒரு புள்ளி எழும்பவில்லை. அப்போது பத்மாவதி அம்மா சர்ஜனிடம் ஒன்று கேட்டார். "மருந்து அந்த அண்ணன்தான் தடவணும்."

"அவர் இப்ப தியேட்டர்ல இல்லையேம்மா. அதுவும் அவரையா கேக்கறீங்க?" என்றார் சர்ஜன்.

"தப்புப் பண்ணுனவருக்குத்தான் எந்த எடத்துல தப்பு நடக்கும்னு தெரியும்."

வருஷங்கள் கழித்துத் தியேட்டருக்குள் போனேன். ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். துணி செருகினேன். கிண்ணத்தைச் சாய்க்கவில்லை. பஞ்சை நனைத்துப் பிழிந்து, நடுவிலிருந்து வெளியே, மூன்று தடவை தடவினேன். துணிகளை உருவினேன். இடுப்புக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். விரிப்பு காய்ந்திருந்தது. சர்ஜன் கையுறையோடு கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். "ஆச்சா முத்தையா?" என்றார். "இன்னும் ஒரு நிமிஷம் டாக்டர், காயட்டும்" என்றேன். சர்ஜனை நிறுத்தி வைக்கிற தைரியம் எனக்கு அன்றுதான் வந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒன்று புரிந்தது. நான் இத்தனை காலம் ஊற்றியது என் மனம் நிறையத்தான். அந்த உடம்புக்கு வேண்டியது கொஞ்சம் மருந்தும் கொஞ்சம் பொறுமையும். அம்மனுக்கு ஊற்றுவது அம்மனோடு இருக்கட்டும்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். நர்ஸ் திருப்பிக் காட்டினார். இடுப்பும் முதுகும் சுத்தமாக இருந்தன. வலப்பக்கம் மட்டும் எட்டு வருஷத்துப் பழைய தழும்பு, நிறம் மங்கிய ஒரு பட்டை.

வீட்டுக்கு அனுப்பும்போது புதுச் சீட்டு எழுதச் சொன்னார் டாக்டர் அம்மா. நீல மையில் எழுதினேன். 'முதுகில் வெந்த புண் வந்தது. காரணம், காயாத மருந்தும் ஈரத்துணியும். அலர்ஜி அல்ல. சாய ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கப்பட்டது, எந்தத் தொந்தரவும் இல்லை.' மருந்தின் பெயரையும் எழுதினேன். டாக்டர் அம்மா கையெழுத்துப் போட்டார். பழைய சீட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. விளக்கு ஏற்றும்போதெல்லாம் கையில் தட்டுப்படும்.

செல்வி, புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லு. அந்தப் பாரத்தில் மூன்று கேள்வி தனித்தனியாக இருப்பது வேலையைக் கூட்டுவதற்காக இல்லை. எந்த மருந்து, என்ன ஆச்சு, எத்தனாவது நிமிஷம் என்று அன்றைக்கு யாராவது என்னைக் கேட்டிருந்தால், ஈரத்துணி தானாகவே வெளியே வந்திருக்கும்.

ஆபரேஷன் நடந்த அந்த வருஷம் புரட்டாசி மாதம் ஒரு சனிக்கிழமை பத்மாவதி அம்மா மறுபரிசோதனைக்கு வந்தார். முகம் தெளிந்திருந்தது. பையிலிருந்து ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்துப் பிரித்தார். பெருமாள் கோயில் புளியோதரை.

"நான் இன்னும் சாப்புடல. உங்க முன்னாடிதான் சாப்புடணும்னு வச்சிருந்தேன்" என்றார்.

ராஜாராம் இந்தத் தடவை தூணைத் தேடிப் போகவில்லை. பக்கத்திலேயே நின்றார். அந்த அம்மா ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, மெதுவாக மென்றார். நான் என்னை அறியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குண்ணே" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு வாய் எடுத்தார்.